சமவலுப்புள்ளியில் பீஎச் ஏன் 7 ஆக இல்லை?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் உயர்தரம் படிக்கும் ஒரு மகள் கேட்டிருக்கிற கேள்வி இது: "சேர், அசற்றிக் அமிலத்தைச் சோடியம் ஐதரொட்சைட்டால் நியமிக்கும்போது, சமவலுப்புள்ளியில் அமிலமும் மூலமும் சரிசமன் என்று சொல்லித் தருகிறார்கள். அப்படியென்றால் பீஎச் 7 ஆக இருக்க வேண்டாமா? பினோத்தலின் 8.3க்கு மேலேதான் நிறம் மாறும் என்கிறார்கள். அப்போ நாங்கள் மூலத்தைக் கூடுதலாக விட்டுவிடுகிறோம்தானே? அரைவாசித் தூரத்தில் பீஎச்சும் பீகேஏயும் ஒன்று என்பதைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன். ஏன் என்று விளங்கவில்லை."

மகள், முதலில் நேர் விடை. நீங்கள் கூடுதலாக விடவில்லை. பினோத்தலின் என்ற காட்டி சரியான இடத்தில்தான் நிறம் மாறுகிறது. பீஎச் 7இல் நிறுத்தினால்தான் பிழை வரும். எவ்வளவு பிழை என்பதையும் கணக்குப் போட்டே காட்டலாம். அதற்கு முன்னால், விட்ட மூலத்தின் கனவளவுக்கு எதிரே பீஎச்சை வரைந்தால் வரும் வளையி ஏன் அந்த வடிவத்தில் வருகிறது என்று பார்ப்போம். இங்கே பிள்ளைகள் பலர் வன், மென் அமில-மூலச் சோடிகளுக்கான நான்கு வளையிகளையும் படமாகவே மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சையில் செறிவையோ அமிலத்தையோ கொஞ்சம் மாற்றிவிட்டால் படம் கைவிட்டுவிடும். வளையியின் எந்த இடத்தில் நின்றாலும் "இப்போது குடுவைக்குள் என்ன மிஞ்சியிருக்கிறது?" என்று கேட்கப் பழகுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

இலகுவான சோடியிலிருந்து தொடங்குவோம். குடுவையில் 25 கன சென்ரிமீற்றர் ஐதரோகுளோரிக் அமிலம், துளித்துளியாக விட்டு அளக்கும் அளவியில் சோடியம் ஐதரொட்சைட்டு. இரண்டின் செறிவும் கன டெசிமீற்றருக்கு 0.1 மூல். அமிலம் முழுவதும் பிரிந்திருப்பதால் தொடக்க பீஎச் 1. இனி மூலத்தைத் திறக்கிறோம். பீஎச் 1இலிருந்து 2க்கு ஏற எவ்வளவு மூலம் வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ 20.5 க.செ.மீ. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக இன்னும் 4 க.செ.மீ. போதும். மூன்றிலிருந்து நான்குக்கு அரை க.செ.மீ. கூட வேண்டியதில்லை; 24.95இல் பீஎச் 4 வந்துவிடும். அளவியிலிருந்து விழும் ஒரு துளி ஏறத்தாழ 0.05 க.செ.மீ. அடுத்த துளியில் 25.00, பீஎச் 7. அதற்கடுத்த துளியில் 25.05, பீஎச் 10. இருபது க.செ.மீ.க்கு மேல் ஊற்றி ஓர் அலகு ஏறிய பீஎச், கடைசியில் இரண்டே துளியில் ஆறு அலகு ஏறுகிறது.

இந்தப் பாய்ச்சலுக்காக அந்தப் புள்ளியில் புதிதாக ஒரு தாக்கமும் நடக்கவில்லை. முதல் துளியிலும் கடைசித் துளியிலும் நடப்பது ஒன்றுதான்: ஒரு ஐதரசன் அயனும் ஒரு ஐதரொட்சைட்டு அயனும் சேர்ந்து நீராகின்றன. வித்தியாசம் நாங்கள் அளக்கும் அளவுகோலில் இருக்கிறது. பீஎச் ஒரு மடக்கை அளவு. ஐதரசன் அயனின் செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் அது ஓர் அலகு ஏறும். கையில் 1,000 ரூபாய் இருக்கும்போது 9 ரூபாய் செலவானால் தெரியாது. 10 ரூபாய் இருக்கும்போது அதே 9 ரூபாய் போனால், இருந்தது பத்தில் ஒரு பங்காகிவிடும். குடுவையில் அமிலம் நிறைய இருக்கும்போது ஒரு துளி மூலம் அதன் செறிவை அசைப்பதேயில்லை. அமிலம் தீரும் தறுவாயில் அதே துளி செறிவை ஆயிரம் மடங்கு மாற்றிவிடுகிறது. வளையியின் செங்குத்துப் பகுதி என்பது இதுதான்.

இந்த அளவுகோலை 1909இல் கொண்டுவந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் நொதியங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பத்தின் எதிர்ச் சுட்டிகளை எழுதுவதற்குப் பதிலாக மடக்கையை எடுத்தார். மடக்கை எடுக்காமல் செறிவையே வரைபின் நிலைக்குத்து அச்சில் போட்டுப் பாருங்கள், இந்த எஸ் வடிவம் வராது. பயிற்சிக் கொப்பியில் ஒருமுறை இரண்டையும் வரைந்தால் நன்றாக விளங்கும்.

சரி, இப்போது அசற்றிக் அமிலம். அதே 25 க.செ.மீ., அதே 0.1 செறிவு. இது எவ்வளவு தூரம் அயன்களாகப் பிரியும் என்பதைக் காட்டும் கூட்டற்பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵; அதன் மடக்கையை எதிர்க்குறியோடு எடுத்தால் வரும் பீகேஏ 4.74. இது மென்னமிலம், நூற்றில் ஒன்றரைப் பங்குகூட அயனாவதில்லை. அதனால் தொடக்க பீஎச் 1 அல்ல, 2.87. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மென்னமிலம் என்பதற்காக மூலம் குறைவாகச் செலவாகாது. அயனாகாமல் இருக்கிற மூலக்கூறுகளும் ஐதரொட்சைட்டு வந்தால் தங்கள் ஐதரசனைக் கொடுத்துவிடும். ஆகவே இங்கேயும் 25 க.செ.மீ.தான் வேண்டும். அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதும் எவ்வளவு வலியது என்பதும் இரண்டு வேறு கேள்விகள். முதலாவதற்கு விடை வளையியின் கிடை அச்சில், சமவலுப்புள்ளியின் கனவளவில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை நிலைக்குத்து அச்சில் இருக்கிறது.

முதல் 1 க.செ.மீ. மூலம் விழுந்ததும் பீஎச் 3.4 ஆகிவிடும். ஐதரோகுளோரிக் அமிலத்தில் இல்லாத சின்ன ஏற்றம் இது. காரணம், மூலம் வந்ததும் குடுவையில் அசற்றேற்று அயன் சேரத் தொடங்குகிறது. அது அமிலத்தின் கூட்டற்பிரிகையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அதன் பிறகு வளையி படுத்துவிடும். 2.5 க.செ.மீ.இல் பீஎச் ஏறத்தாழ 3.8, 22.5 க.செ.மீ.இல் 5.7. இடையில் 20 க.செ.மீ. மூலம் உள்ளே போயிருக்கிறது, பீஎச் இரண்டு அலகுகூட நகரவில்லை. இந்தப் பகுதியில் குடுவைக்குள் இருப்பது மென்னமிலமும் அதன் இணைமூலமான அசற்றேற்றும் கலந்த, பீஎச் மாற்றத்தை எதிர்க்கும் தாங்கற் கரைசல். நீங்கள் தாங்கற் கரைசலைத் தனி அலகாகப் படித்திருப்பீர்கள். இதுவும் அதுவும் ஒன்றுதான்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கூட்டற்பிரிகை மாறிலி என்பது, ஐதரசன் அயனின் செறிவை அசற்றேற்றின் செறிவால் பெருக்கி, மிஞ்சிய அமிலத்தின் செறிவால் வகுத்தால் வருவது. 12.5 க.செ.மீ. விட்ட நிலையில் பாதி அமிலம் அசற்றேற்றாக மாறிவிட்டது, பாதி அமிலமாகவே இருக்கிறது. இரண்டும் சமன். பெருக்குவதும் வகுப்பதும் ஒரே எண் என்றால் வெட்டுப்பட்டுவிடும். மிஞ்சுவது ஐதரசன் அயனின் செறிவு மட்டும், அதுவே மாறிலிக்குச் சமன். இரு பக்கமும் மடக்கை எடுத்தால் பீஎச் 4.74, அதாவது பீகேஏ.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விசயம் ஒன்று உண்டு. மேலேயும் கீழேயும் வருவது ஒரே கரைசலில் உள்ள இரண்டு செறிவுகள். கரைசலின் கனவளவு எதுவாக இருந்தாலும் அதுவும் வெட்டுப்பட்டுவிடும். அதனால் அமிலத்தின் செறிவு தெரியாமலே அதன் பீகேஏயைக் கண்டுபிடிக்கலாம். பெயர் தெரியாத ஒரு மென்னமிலத்தைத் தந்தால், நியமித்து வளையியை வரையுங்கள். செங்குத்துப் பகுதியின் நடுக் கனவளவைப் பாருங்கள், அதைப் பாதியாக்குங்கள், அந்த இடத்து பீஎச்சை வாசியுங்கள். அட்டவணையோடு ஒப்பிட்டால் என்ன அமிலமாக இருக்கலாம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சரிபாதியில் வளையி மிகவும் தட்டையாக இருப்பதால், அங்கே ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் வாசிப்பு மாறாது. மிகவும் ஐதான அமிலங்களுக்கும் பீகேஏ மிகக் குறைந்த அமிலங்களுக்கும் இந்தக் கணக்கு அவ்வளவு திருத்தமாக வராது. அங்கே அமிலம் தானாகப் பிரியும் அளவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது சமவலுப்புள்ளி. 25.00 க.செ.மீ. விட்டாயிற்று, அமிலம் முடிந்தது, மூலமும் முடிந்தது. குடுவைக்குள் என்ன மிஞ்சியிருக்கிறது? சோடியம் அசற்றேற்றுக் கரைசல், வேறொன்றுமில்லை. கனவளவு இரண்டு மடங்கானதால் அதன் செறிவு 0.05. அசற்றேற்று ஒரு மென்னமிலத்தின் இணைமூலம், ஆகவே அதற்குக் கொஞ்சம் மூல இயல்பு இருக்கிறது. நீரிடமிருந்து ஐதரசனை எடுத்துக்கொண்டு ஐதரொட்சைட்டை விட்டுவிடும். நீர்ப்பகுப்பு என்று படித்திருப்பீர்கள். அதன் மூல மாறிலி 5.6 × 10⁻¹⁰. அதை 0.05ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஐதரொட்சைட்டின் செறிவு 5.3 × 10⁻⁶. அதிலிருந்து பீஎச் 8.72. சமவலு என்பது மூல்கள் சமனாவது, பீஎச் நடுநிலையாவது அல்ல. நடுநிலை வேண்டுமென்றால் மிஞ்சும் உப்பு நீரோடு தாக்கமடையாததாக இருக்க வேண்டும். சோடியம் குளோரைட்டு அப்படிப்பட்டது. சோடியம் அசற்றேற்று அப்படிப்பட்டதல்ல.

7 என்ற எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. அது 25 பாகை செல்சியசுக்கான நடுநிலை. எங்கள் மட்டக்களப்பில் ஆய்வுகூட அறைக்குள் 30 பாகை என்பது சாதாரணம். அந்த வெப்பநிலையில் தூய நீரின் பீஎச் 6.92. நீர் அமிலமாகிவிடவில்லை, இரண்டு அயன்களும் இன்னும் சமன்தான், ஆனால் இரண்டும் கொஞ்சம் கூடியிருக்கின்றன. பரீட்சையில் வெப்பநிலை சொல்லாவிட்டால் 25 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பினோத்தலினுக்கு வருவோம். அது 8.3க்கும் 10க்கும் இடையில் நிறமற்ற நிலையிலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். எங்கள் வளையியில் பீஎச் 8.3 வரும்போது சமவலுப்புள்ளிக்கு இன்னும் ஏறத்தாழ 0.01 க.செ.மீ.தான் பாக்கி. பீஎச் 10 வரும்போது 0.05 கூடியிருக்கும். அதாவது காட்டி மாறத் தொடங்குவதும் மாறி முடிவதும் ஒன்றிரண்டு துளிக்குள். அளவியை எங்கள் கண்ணால் வாசிக்கும் திருத்தமே 0.05தான். அதைவிடப் பெரிய பிழையைப் பினோத்தலின் தரவில்லை. நீங்கள் நினைத்தபடி 7இல் நிறுத்தினால் என்ன ஆகும்? பீஎச் 7இல் அசற்றேற்றுக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 180க்கு 1. 180 பங்கு மாறிவிட்டது, ஒரு பங்கு அமிலம் இன்னும் மாறாமல் கிடக்கிறது. அந்தக் கனவளவு 24.86. கிட்டத்தட்ட மூன்று துளி முன்னதாகவே குழாயை மூடிவிடுவீர்கள்.

அதே நியமிப்பில் மெதைல் செம்மஞ்சளைப் போட்டால் நடப்பதை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள். அது 3.1இல் சிவப்பை விடத் தொடங்கி 4.4இல் முழு மஞ்சளாகும். அளவியைத் திறந்து அரை க.செ.மீ. போவதற்குள் நிறம் அசையத் தொடங்கிவிடும். பிறகு செம்மஞ்சள், கொஞ்சம் வெளிறிய செம்மஞ்சள், மஞ்சள் என்று மெதுவாக நகர்ந்து, எட்டு க.செ.மீ. அளவில் மஞ்சளாகி நின்றுவிடும். எந்தத் துளியில் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. 25 க.செ.மீ. வரவேண்டிய இடத்தில் எட்டில் நிற்கும். அந்தக் காட்டியில் குறையில்லை. வளையி செங்குத்தாக ஏறும் இடமும் காட்டி மாறும் இடமும் ஒன்றாக அமையவில்லை, அவ்வளவுதான். காட்டியைத் தெரிவு செய்வதற்கு இருக்கிற ஒரே விதி இதுதான்: காட்டியின் மாற்ற வீச்சு, வளையியின் செங்குத்துப் பகுதிக்குள் விழ வேண்டும்.

ஐதரோகுளோரிக் அமிலத்துக்கு எந்தக் காட்டியும் சரி என்று எழுதுகிறீர்களே, அதற்குக் காரணம் அங்கே செங்குத்துப் பகுதி 4இலிருந்து 10 வரை நீளமாக இருப்பது. அதுவும் 0.1 செறிவுக்குத்தான் உண்மை. இரண்டு கரைசலையும் நூறு மடங்கு ஐதாக்கி 0.001 ஆக்குங்கள். அதே இரண்டு துளிக்கு பீஎச் 6இலிருந்து 8க்குத்தான் பாயும். மெதைல் செம்மஞ்சள் 23 க.செ.மீ. அளவிலேயே மஞ்சளாகி, உங்களுக்கு ஏறத்தாழ 2 க.செ.மீ. பிழையைத் தந்துவிடும். வன்னமிலம், வன்மூலம் என்று பார்த்தவுடன் எந்தக் காட்டியும் என்று எழுதாமல், செறிவையும் ஒருமுறை பாருங்கள்.

அமோனியாவை ஐதரோகுளோரிக் அமிலத்தால் நியமிப்பது இதன் தலைகீழ். சமவலுப்புள்ளியில் மிஞ்சுவது அமோனியம் குளோரைட்டு, பீஎச் 5.28, மெதைல் சிவப்போ மெதைல் செம்மஞ்சளோ பொருந்தும். அசற்றிக் அமிலத்தை அமோனியாவால் நியமித்தால் சமவலுப்புள்ளி 7க்கு அருகில் வந்தாலும் வளையி அங்கே சரிவாகவே போகும், செங்குத்து இல்லை. எந்தக் காட்டியும் அங்கே உதவாது. கடத்துதிறனை அளந்து கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

இனி செய்முறை. பாடசாலையில் வினாகிரியை நியமிக்கலாம், செலவு குறைவு, அபாயமும் குறைவு. கடைப் போத்தலில் 100 க.செ.மீ.க்கு 5 கிராம் அசற்றிக் அமிலம் இருந்தால் அதன் செறிவு ஏறத்தாழ 0.83. அப்படியே நியமித்தால் அளவி பலமுறை காலியாகும். பத்து மடங்கு ஐதாக்கி 25 க.செ.மீ. எடுங்கள், 0.1 மூலத்தில் ஏறத்தாழ 21 க.செ.மீ. வரும். தென்னங்கள்ளு வினாகிரி என்றால் அதன் பழுப்பு நிறம் பினோத்தலினின் முதல் இளஞ்சிவப்பை மறைக்கும். பீஎச் மானி இருந்தால் அங்கே வளையிதான் கைகொடுக்கும், நிறத்தை நம்பத் தேவையில்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு க.செ.மீ. ஆக விடுங்கள், வாசிப்பு துள்ளத் தொடங்கியதும் 0.1 ஆகக் குறையுங்கள். சமவலுப்புள்ளிக்கு இரு பக்கமும் புள்ளிகள் நெருக்கமாக இல்லாவிட்டால் வரைபில் அந்த இடத்தை ஊகித்துத்தான் கோடு போட வேண்டிவரும்.

எங்கள் கரையோரக் காற்றில் இன்னொன்றும் இருக்கிறது. சோடியம் ஐதரொட்சைட்டுக் குளிகைகளைக் கடிகாரக் கண்ணாடியில் வைத்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் பளபளவென்று ஈரமாகிவிடும். நீரையும் காபனீரொட்சைட்டையும் இழுத்துக்கொள்ளும். நிறுத்த நிறையை நம்பி 0.1 என்று போத்தலில் எழுதாதீர்கள். ஒட்சாலிக் அமிலத்தால் முதலில் அதன் செறிவை உறுதிசெய்யுங்கள். முடிவுப்புள்ளியில் வந்த இளஞ்சிவப்பு கொஞ்ச நேரத்தில் மங்கிப்போவதற்கும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுத்தான் காரணம். அரை நிமிடம் நிலைத்து நின்றால் போதும், மங்கியதைப் பார்த்து இன்னொரு துளி விட வேண்டாம்.

இரண்டு படியில் நடக்கும் நியமிப்புகளையும் இதே கேள்வியால் பிடித்துவிடலாம். சோடியம் காபனேற்றுக்கு ஐதரோகுளோரிக் அமிலம் விட்டால், முதலில் அது இருகாபனேற்றாகும் இடத்தில் பீஎச் 8.3, பிறகு காபோனிக் அமிலமாகும் இடத்தில் ஏறத்தாழ 3.9. முதலாவதைப் பினோத்தலின் காட்டும், இரண்டாவதை மெதைல் செம்மஞ்சள். தேசிக்காய்ச் சாற்றிலுள்ள சித்திரிக் அமிலத்துக்கு மூன்று ஐதரசன் உண்டு, ஆனால் பீகேஏ பெறுமானங்கள் 3.1, 4.8, 6.4 என்று நெருங்கியிருப்பதால் வளையியில் மூன்று படி தெரியாது. ஒரே நீண்ட சரிவும் கடைசியில் ஒரு பாய்ச்சலும்தான். அங்கே கணக்கிடும்போது ஒரு மூல் அமிலத்துக்கு மூன்று மூல் மூலம் என்று எடுக்க மறக்கக்கூடாது.

இதையெல்லாம் படித்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் எருமைத் தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். பால் உறைவது, இலக்ரிக் அமிலம் சேர்ந்து பீஎச் 4.6 அளவுக்கு இறங்கும்போது. அங்கேதான் கேசீன் புரதம் கரைசலில் நிற்க முடியாமல் திரள்கிறது. புளிப்பை அளக்க இரண்டு வழி இருக்கிறது: பீஎச் மானியைத் தோய்ப்பது ஒன்று, பினோத்தலின் போட்டு மூலத்தால் நியமிப்பது மற்றது. இரண்டும் ஒரே விடையைத் தராது. இன்னும் புளிக்காத புதுப்பாலின் பீஎச் 6.6, 6.7 அளவில் இருக்கும். அதில் இலக்ரிக் அமிலம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் நியமித்தால் அதுவும் மூலத்தைக் குடிக்கும். கேசீனும் பொசுபேற்றும் தாங்கற் கரைசலாக நின்று ஐதரசனைக் கொடுக்கின்றன. எருமைப் பாலில் கேசீன் பசுப்பாலைவிடக் கூட. ஆகவே பசுத்தயிரும் எருமைத்தயிரும் மானியில் ஒரே பீஎச் காட்டினாலும், எருமைத்தயிர் கூடுதலாக மூலம் எடுக்கும். இப்படிப்பட்ட கலவையின் வளையி வினாகிரியின் வளையிபோல் செங்குத்தாக ஏறாது, பினோத்தலின் மாறும் இடத்திலும் சரிவாகவே போகும். ஆகையால் பால், தயிர் நியமிப்பில் எத்தனை துளி காட்டி, எந்த அளவு இளஞ்சிவப்பு என்பதை முன்கூட்டியே நிர்ணயித்து, ஒவ்வொரு முறையும் அதே நிறத்தில்தான் நிறுத்த வேண்டும்.